இருபத்தோரு இடங்களில் ஒன்று ஒத்துப்போகவில்லை என்றால்

பாபநாசம் பக்கத்திலிருந்து நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாக வைத்துவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்கள் தம்பி அக்கா மகளையே கட்டியவர். மூன்று வருடமாகப் பிரிந்திருக்கிறார்கள். ஜீவனாம்ச வழக்கில், நான்கு வயதுப் பெண் குழந்தை தன்னுடையது இல்லை என்று தம்பி சொன்னார். அவர் சந்தேகப்படுவது கும்பகோணத்தில் மனைவி வேலை பார்த்த இடத்தில் இருந்த ஒருவரை. கோர்ட் உத்தரவுப்படி தம்பி, மனைவி, குழந்தை மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அறிக்கையில் மரபணுவில் 21 இடங்களைப் பார்த்திருக்கிறார்கள். 20 ஒத்துப்போகிறது, ஒன்று ஒத்துப்போகவில்லை. அப்படியிருந்தும் தம்பிதான் தகப்பன், நிகழ்தகவு 99.99 சதவீதம் என்று முடித்திருக்கிறார்கள். ஒரு இடம் தப்பினாலே அறிக்கை செல்லாது என்கிறார் வக்கீல். சொந்தக்காரர்களோ, "எல்லாம் ஒரே ரத்தம், யாரை வைத்துப் பார்த்தாலும் ஒத்துத்தான் போகும்" என்கிறார்கள். இதில் எதை நம்புவது என்பது உங்கள் கேள்வி.

தடய அறிவியல் ஆய்வகத்தில் மரபணுப் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். நன்னிலம் பக்கத்து ஊரில் பிறந்தவன், எங்கள் வீட்டிலும் அக்கா மகளைக் கட்டியவர்கள் உண்டு. அதனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. வக்கீல் சொல்வது தவறு. சொந்தக்காரர்கள் சொல்வது உங்கள் வழக்கில் தவறு, ஆனால் அதற்குள் ஒரு உண்மை இருக்கிறது. அதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

'டி.என்.ஏ. விரல்ரேகை' என்ற பெயரே முதலில் ஆளைக் குழப்பும். 1984-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்த முறையில் எக்ஸ்ரே ஃபிலிமில் கோடு கோடாக ஒரு வடிவம் விழும். அதைக் கண்ணால் ஒப்பிட்டார்கள். நம் நாட்டில் ஐதராபாத்தில் சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையத்தில் விஞ்ஞானி லால்ஜி சிங் இதற்கென ஒரு முறையை உருவாக்கினார். அவர் பயன்படுத்திய மரபணுத் துண்டு கட்டுவிரியன் இனப் பாம்பிலிருந்து வந்தது. வரப்பில் டார்ச் அடித்துக்கொண்டு நடக்கிற நமக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே உடம்பு சிலிர்க்கும், ஆனால் இந்தியக் கோர்ட்டுகளுக்கு டி.என்.ஏ. வந்து சேர்ந்தது அந்தப் பாம்பின் வழியாகத்தான். இப்போது அந்தக் கோடுகள் இல்லை. உங்கள் கையில் இருப்பது எண்கள் நிறைந்த அட்டவணை. முறையின் பெயர் எஸ்.டி.ஆர்., அதாவது திரும்பத் திரும்ப வரும் குட்டித் துண்டுகளை எண்ணுவது.

பூ கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் மரபணு இழையில் சில இடங்களில் நான்கு எழுத்துள்ள ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும், சரத்தில் கண்ணி கண்ணியாகப் பூ வருவது போல. ஒருவருக்கு அது 15 கண்ணி, இன்னொருவருக்கு 17 கண்ணி. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு சரம் உண்டு, ஒன்று தாய் கொடுத்தது, ஒன்று தகப்பன் கொடுத்தது. அதனால்தான் அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்திலும் '15, 17' என்பது போல இரண்டு எண்கள். ஒரே எண் மட்டும் இருந்தால் இரண்டு சரமும் ஒரே நீளம் என்று பொருள். தாயும் தகப்பனும் மாமன் மருமகள் உறவு என்பதால் உங்கள் தம்பி குழந்தைக்கு அப்படி ஒற்றை எண் உள்ள கட்டங்கள் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். எட்டில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு சரமும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்து சேரும். அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

ஆய்வகத்தில் செய்வது இவ்வளவுதான்: குழந்தையின் இரண்டு எண்களில் தாயிடமிருந்து வந்ததைக் கழித்துவிட்டு, மிச்சம் இருப்பது அந்த மனிதரிடம் இருக்கிறதா என்று பார்ப்பது.

இனி அந்த ஒற்றை இடம். சரத்தைப் படியெடுத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும்போது சில சமயம் ஒரு கண்ணி கூடும் அல்லது குறையும். இதுதான் மாற்றம், ம்யூட்டேஷன் என்பது. இப்படி நடப்பது ஒரு இடத்துக்கு சராசரியாக ஆயிரத்தில் ஒன்று, இரண்டு தடவை. தாய்வழியைவிடத் தகப்பன்வழியில் பல மடங்கு அதிகம், ஏனென்றால் விந்தணு உண்டாவதற்கு முன் செல்கள் அத்தனை தடவை பிரிகின்றன. ஒரு இடத்துக்கு ஆயிரத்தில் இரண்டு என்றால் 21 இடத்துக்குச் சேர்த்து நூற்றில் நான்கு. அதாவது பெற்ற தகப்பன்களே நூறு பேரை இந்த 21 இடங்களில் சோதித்தால், மூன்று நான்கு பேருக்கு ஒரு இடம் ஒத்துப்போகாமல் வரும். நான் பார்த்த அறிக்கைகளில் இது அதிசயமே இல்லை. தகப்பன் அல்லாத அயலாரைச் சோதித்தால் கிடைக்கும் படமே வேறு. பாதி இடங்கள் வரை, பத்து பன்னிரண்டு இடங்களில், முரண்பாடு வரும். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்குச் சரி, இங்கே செல்லாது. ஒரு சோற்றை வைத்து விலக்கக் கூடாது என்பதுதான் எல்லா ஆய்வகங்களும் பின்பற்றும் வழக்கம். குறைந்தது இரண்டு, பெரும்பாலும் மூன்று முரண்பாடுகள் வந்தால்தான் தகப்பன் அல்ல என்று எழுதுவோம்.

ஆனால் முரண்பாடு எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். தம்பிக்கு 15, 17, தகப்பன்வழியில் குழந்தைக்கு வந்தது 18 என்றால் ஒரு கண்ணி வித்தியாசம். இது மாற்றத்தின் அடையாளம், சாதாரணம். தம்பிக்கு 15, 17, குழந்தைக்கு 22 என்றால் ஐந்து கண்ணித் தாவல். அது மிக அபூர்வம், அங்கே நானும் புருவத்தை உயர்த்துவேன். மூன்றாவதாக ஒன்று உண்டு. தம்பிக்கு 14 மட்டும், குழந்தைக்கு 16 மட்டும், இருவருக்கும் ஒற்றை எண். இங்கே இருவருக்கும் பொதுவான ஒரு சரம் இருந்து, அதை வேதிப்பொருள் பிடிக்காமல் விட்டிருக்கலாம். வேறு நிறுவனத்தின் சோதனைக் கிட்டில் அந்த இடத்தை மறுபடி ஓட்டினால் மறைந்திருந்த எண் தெரிந்துவிடும். ரத்தம் கெட்டுப்போயிருந்தாலும் இப்படி ஆகும். சித்திரை வெயிலில் ஐஸ் பெட்டி இல்லாமல் ரத்தக் குழாய் பயணம் செய்தால் நீளமான சரங்கள்தான் முதலில் உடையும், அட்டவணையில் எஃப்.ஜி.ஏ., பென்டா இ போன்ற இடங்களில் எண் காணாமல் போகும்.

அடுத்தது 99.99. நூற்றுக்கு நூறு ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஒத்துப்போகிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு. தகப்பனாக இருந்தால் அந்தச் சரத்தைக் கொடுத்திருக்கும் வாய்ப்பை, சம்பந்தமில்லாத யாரோ ஒருவரிடமிருந்து அது வந்திருக்கும் வாய்ப்பால் வகுத்தால் வருவது. நூறு சரத்தில் பத்தில் காணப்படும் நீளம், தம்பியிடம் இரண்டில் ஒன்றாக இருக்கிறது என்றால் 0.5-ஐ 0.1-ஆல் வகுத்து 5. எல்லா இடங்களின் எண்களையும் பெருக்கினால் கூட்டுக் குறியீடு. கணக்கு எளிதாக இருக்க எல்லா இடத்துக்கும் 2 என்று வையுங்கள். சதுரங்கக் கட்டத்தில் நெல்மணியை இரட்டிப்பாக்கிய கதை தெரியும் அல்லவா, அதே போல 20 இடங்களுக்கு 2-ஐ இருபது தடவை பெருக்கினால் 10,48,576. ஒத்துப்போகாத அந்த 21-ஆவது இடத்துக்குப் பூஜ்யம் போடுவதில்லை, மாற்றம் நடக்கும் வாய்ப்பை வைத்து 0.003 போல ஒரு சிறிய எண் போடுவோம். பெருக்கினால் சுமார் 3,146. அதாவது தம்பி தகப்பனாக இருப்பது, ஊரில் சம்பந்தமில்லாத ஒருவர் தகப்பனாக இருப்பதைவிட மூவாயிரம் மடங்கு பொருந்துகிறது. சதவீதமாக 99.97. நிஜத்தில் அரிய சரங்கள் சில இருக்கும், அதனால் குறியீடு இதைவிடக் கூடும். உங்கள் அறிக்கையில் 99.99 என்றிருந்தால் கூட்டுக் குறியீடு பத்தாயிரம் அளவில் இருக்க வேண்டும், அது அதிலேயே அச்சாகியிருக்கும்.

இந்தச் சதவீதத்துக்குள் இன்னொரு அனுமானம் இருக்கிறது. சோதனைக்கு முன் இவர் தகப்பனாக இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று ஆய்வகம் வைத்துக்கொள்கிறது. யார் பக்கமும் சாயாத எண் என்பதால். அதைப் பத்து சதவீதம் என்று குறைத்து வைத்தாலும் குறியீடு 10,000 இருந்தால் முடிவு 99.9-க்குக் கீழே இறங்காது. அதனால் இதில் வக்கீல் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

இனிமேல் சொல்வதை மெதுவாகப் படியுங்கள். "ஒரே ரத்தம், எப்படியும் ஒத்துப்போகும்" என்ற பேச்சில் எவ்வளவு உண்மை?

குழந்தையின் தாய் உங்கள் தம்பிக்கு மருமகள் முறை. தாய்க்கும் அவருக்கும் பொதுவான சரங்கள் நிறைய இருக்கும், உண்மைதான். தாயைச் சோதிக்காமல் தம்பியையும் குழந்தையையும் மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் இது தொந்தரவு. தகப்பன் வேறு யாராக இருந்தாலும், தாய்வழியில் வந்த சரமே சராசரியாக நான்கில் ஒரு இடத்தில் தம்பியோடு ஒத்துப்போகும். முரண்பாடுகள் குறைந்து, படம் மங்கும். ஆனால் உங்கள் வழக்கில் தாயின் ரத்தத்தையும் எடுத்திருக்கிறார்கள். அவர் கொடுத்தது எது என்று தெரிந்து கழித்த பிறகு, மிச்சம் இருப்பது தகப்பன் கொடுத்தது மட்டும். கும்பகோணத்து ஆள் தகப்பனாக இருந்திருந்தால், அந்த மிச்சம் தம்பியோடு ஒத்துப்போக அக்கா மகள் உறவு உதவாது. தாய்க்கும் குழந்தைக்கும் அதே இரண்டு எண்கள் வரும் சில கட்டங்களில் மட்டும் சின்னக் குழப்பம் இருக்கும், அதையும் கணக்கு பார்த்துக்கொள்ளும். சொந்தத்தில் கட்டுகிற நம் ஊர்களில் யார் என்னிடம் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: தாயைச் சேர்க்காமல் சோதனை செய்யாதீர்கள்.

உறவு உண்மையிலேயே கணக்கைக் கவிழ்ப்பது இன்னொரு இடத்தில். சந்தேகப்படும் மற்ற ஆள், சோதித்த ஆளின் உடன்பிறந்தவராக இருந்தால். இதை உங்களுக்கு எழுதக் கை கூசுகிறது, நீங்களே அண்ணன். உங்கள் வழக்கில் அப்படி யாரும் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நம் பக்கத்தில் கூட்டுக் குடும்ப வழக்குகளில் இது வருகிறது, கோர்ட்டில் யாரும் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை என்பது என் பல வருட வருத்தம்.

அயலாரோடு ஒப்பிடும்போது ஒரு இடத்தின் எண் 2 என்றால், அண்ணன் தம்பியோடு ஒப்பிடும்போது அது 1.33 ஆகிவிடும். இருவருக்கும் பாதிச் சரங்கள் பொது என்பதால். அதே 20 இடங்களைப் பெருக்குங்கள். பத்து லட்சம் வந்த இடத்தில் 315-தான் வரும். ஒத்துப்போகாத அந்த ஒரு இடத்தையும் சேர்த்தால் 315 சுருங்கி 2-க்கும் கீழே போய்விடும். பார்த்தீர்களா? அயலாருக்கு எதிராக மூவாயிரம் மடங்கு பேசிய அதே அட்டவணை, உடன்பிறந்தவருக்கு எதிராக ஏறக்குறைய வாய் மூடிக்கொள்கிறது. தகப்பனுடைய அண்ணனையோ தம்பியையோ தவறாகச் சோதித்தால் 21 இடங்களில் வழக்கமாக ஐந்தாறு முரண்பாடு வரும். ஒன்றே ஒன்று வருவது அபூர்வம், நடக்கவே நடக்காதது அல்ல. எனவே ஒற்றை முரண்பாடு பெரிதா சிறிதா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. 99.99 என்று அச்சடிக்கும்போது ஆய்வகம் ஒப்பிடுவது சம்பந்தமில்லாத ஆணோடு. அந்த வரியை அறிக்கையின் கடைசியில் சின்ன எழுத்தில் போடுவார்கள், பலரும் படிப்பதில்லை.

அப்படி ஒரு வழக்கு வந்தால் வழி இருக்கிறது. குற்றம் சாட்டப்படும் உடன்பிறந்தவரின் ரத்தத்தையும் எடுத்துச் சோதிப்பது எல்லாவற்றிலும் நேரான வழி. முடியாவிட்டால் கூடுதல் இடங்களைப் பார்க்கலாம். குழந்தை ஆண் என்றால் ஒய் குரோமோசோம் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அது இங்கே உதவாது. பங்காளிகள் எல்லோருக்கும் ஒரே ஒய்தான், தாத்தாவுக்கும் சித்தப்பாவுக்கும் சித்தப்பா மகனுக்கும் அதேதான். குழந்தை பெண் என்றால் எக்ஸ் குரோமோசோம் உதவும். தகப்பன் தன்னிடமுள்ள ஒரே எக்ஸை மகளுக்கு அப்படியே கொடுக்கிறார். ஆனால் அண்ணனுக்கும் தம்பிக்கும் அவர்கள் தாயிடமிருந்து வந்த எக்ஸ் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் என்றால் மட்டும் இந்த எஸ்.டி.ஆர். முறையால் பிரித்துச் சொல்லவே முடியாது.

இரட்டையர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2002-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பெண், தான் பெற்ற பிள்ளைகளுக்கே தாய் இல்லை என்று சோதனை சொன்னது. கருவிலேயே இரண்டு கரு ஒன்றாகி அவர் பிறந்திருந்தார். உடம்பின் ஒரு பகுதியில் ஒரு மரபணு, இன்னொரு பகுதியில் வேறு. இது கோடியில் காண்பது போல, உங்கள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம். எலும்பு மஜ்ஜை மாற்றியவர்களின் ரத்தத்தில் கொடுத்தவரின் மரபணு இருக்கும் என்பது அதைவிட நடைமுறைச் செய்தி. தம்பிக்கு அப்படி ஏதாவது சிகிச்சையோ, அண்மையில் ரத்தம் ஏற்றியதோ இருந்தால் மாதிரி எடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு உண்மையில் பயம் தருவது கண்ணியோ கணக்கோ அல்ல, குழாய்மேல் ஒட்டும் சீட்டு. டெல்டாவில் ஒரு மருத்துவமனையிலிருந்து வந்த பெட்டியில், ஆண் குழந்தை என்று எழுதிய குழாயில் பெண்ணின் மரபணு இருந்தது. தாயின் சீட்டும் குழந்தையின் சீட்டும் மாறிப்போயிருந்தன. ஆணா பெண்ணா என்று காட்டும் குறி ஒன்று எல்லாக் கிட்டிலும் இருப்பதால் கண்டுபிடித்தோம். பெண் குழந்தையாக இருந்திருந்தால் அந்தக் குறி எங்களை எச்சரித்திருக்காது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் நீங்கள் கேட்க வேண்டியது அட்டவணைக்கு முந்தைய காகிதங்களை: மூவரின் புகைப்படம், கைரேகை, கையெழுத்து, யார் முன்னிலையில் எடுத்தது, அரக்கு முத்திரை உடையாமல் வந்ததா, எந்தத் தேதியில் வந்து சேர்ந்தது. அவை சரியாக இருந்தால் அறிக்கை மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

சட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு. திருமண வாழ்க்கை நடக்கும்போது பிறந்த குழந்தை கணவனின் குழந்தையே என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் புதிய சாட்சிய சட்டத்தில் அது 116-ஆம் பிரிவு. அந்தக் காலத்தில் இருவரும் சேர வாய்ப்பே இல்லை என்று காட்டினால்தான் அதை உடைக்க முடியும். 1993-லேயே உச்ச நீதிமன்றம் ரத்தப் பரிசோதனையைக் கேட்டவுடன் உத்தரவிடக் கூடாது என்றது. 2014-ல், இதே போன்ற ஒரு ஜீவனாம்ச வழக்கில், கணவன் தகப்பன் அல்ல என்று வந்த அறிக்கையை ஏற்று, சட்டத்தின் அனுமானத்தைவிட அறிவியல் காட்டிய உண்மைக்கு முன்னிடம் கொடுத்தது. 2023-ல் குழந்தையின் மரபணு விவரத்தை அப்பா அம்மா சண்டைக்காகத் திறந்து போடக் கூடாது என்ற பக்கம் நின்றது. உங்கள் வழக்கில் சட்டத்தின் அனுமானமும் அறிக்கையும் ஒரே பக்கம் நிற்கின்றன. அந்த ஒற்றை இடத்தை வைத்து இரண்டையும் கவிழ்க்க முடியும் என்று வக்கீல் தம்பிக்கு நம்பிக்கை கொடுப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

வக்கீலுக்கு இன்னும் சந்தேகம் என்றால், அறிக்கை எழுதியவரைக் கோர்ட்டுக்கு அழைத்துக் கேட்கலாம், அந்த ஒரு இடத்தை வேறு கிட்டில் ஓட்டச் சொல்லி மனுப் போடலாம். அது நியாயமான கோரிக்கை. இணையத்தில் பார்த்து, குழந்தையின் கன்னத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்த்துத் தபாலில் அனுப்பும் வேலை மட்டும் வேண்டாம். கோர்ட்டில் அது நிற்காது, நான்கு வயதுக் குழந்தை எதற்கு என்று கேட்டால் சொல்ல உங்களிடம் பதிலும் இருக்காது.

அறிக்கையின் அட்டவணைப் பக்கத்தில் அந்த ஒத்துப்போகாத இடத்தின் வரியை மட்டும், பெயர்களை மறைத்துவிட்டு, மூவரின் எண்களோடு எழுதி அனுப்புங்கள். ஒரு கண்ணியா, ஐந்து கண்ணியா, இரண்டு ஒற்றை எண்களா என்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.